பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

1

அம்மா வீட்டில் கேமரா பொருத்திவிட்டு பெங்களூரு திரும்பிய இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அப்பா போன பிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை. யாருடைய நிம்மதிக்காக அந்தக் கேமராவை வாங்கினோம் என்ற கேள்விக்கு அந்தத் தூக்கமே பதில். அது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

அம்மாவுக்கு 71 வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில், மந்தைவெளிப் பக்கமாக ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். முன்பு அதே இடத்தில் திண்ணை வைத்த தாத்தா வீடு இருந்தது. ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்து, இடித்து, எட்டு ஃபிளாட்டாகக் கட்டியதில் எங்கள் பங்குக்கு வந்தது இது. அக்கா டொரன்டோவில். நான் பெங்களூருவில் ஒற்றை அறை வீட்டில். அப்பா இறந்து ஒரு வருடம் ஆனதும் அக்காதான் சொன்னாள், "ஒரு கேமரா வெச்சிடலாம்டா. எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குது."

மே மாதம். தி.நகர் உஸ்மான் ரோட்டில் வாங்கினேன். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. கைக்கு அடக்கமான வெள்ளை உருண்டை. வைஃபையில் இயங்கும். போனில் விரலால் தள்ளினால் கழுத்தைத் திருப்பி அறை முழுவதையும் பார்க்கும். இருட்டிலும் பார்க்கும். யாராவது அசைந்தால் நமக்குச் செய்தி அனுப்பும். இங்கிருந்து நாம் பேசினால் அங்கே கேட்கும். ஹாலில் ஷோகேஸ் மேலே, அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்துதான் ஹால், சாப்பாட்டு மேஜை, சமையலறை வாசல் மூன்றும் தெரிந்தன.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது எப்பவும் பாத்துக்கிட்டே இருக்குமா, இல்ல நீங்க பாக்கும்போது மட்டும் பாக்குமா?"

அதை நான் தொழில்நுட்பக் கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். மெமரி கார்டு, பதிவு, அசைவு தெரிந்தால் மட்டும் சேமிப்பது என்றெல்லாம் விளக்கினேன். அம்மா "சரி" என்றார். வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்கவே இல்லை. ஏற்கனவே பொருத்திவிட்டிருந்தேன்.

2

முதலில் மாறியது உடை. மயிலாப்பூர் மே மாதத்தில், தன் சொந்த ஹாலில், நைட்டிக்கு மேல் ஒரு துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அம்மா. அடுத்தது மதியத் தூக்கம். ஹாலில் ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில் படுப்பதுதான் அவர் வழக்கம். அந்தத் தரையின் குளிர்ச்சிக்காகவே மொசைக் போட வைத்தவர். ஒரு வாரத்தில் அது நின்று, புழுக்கமான சின்ன அறைக்குள் போய்ப் படுக்க ஆரம்பித்தார். அங்கே கேமரா இல்லை. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று தோன்றவில்லை. போன் செய்து, "ஹால்லதானே காத்து வரும், ஏன் உள்ள போய்ப் படுக்கற?" என்று கேட்டேன். கேட்டவனுக்கு வெட்கமில்லை. பதில் சொல்ல வேண்டியிருந்தவர்தான் தடுமாறினார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பத்து மணிக்கு வேலை முடிந்ததும் அம்மாவோடு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். இருபது நிமிடமாவது பேச்சு ஓடும். கேமரா வந்த பிறகு அவர் உட்காரவில்லை. சமையலறையில் நின்றபடியே டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரிடமும் யாரும் கேட்கவில்லை, உங்களைப் படம் பிடிக்கலாமா என்று. இத்தனைக்கும் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பொருளை வைத்தோம். இருந்த ஒரு துணையையும் அது எழுப்பி அனுப்பிவிட்டது.

இன்னொன்று, எங்கள் பேச்சு. முன்பெல்லாம் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் அரைமணி நேரம் பேசுவார். "இன்னிக்கு யார் வந்தா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். இப்போது எனக்குத் தெரியும், யார் வந்தார்கள் என்று. மதியம் வெறும் மோர் சாதம்தான் சாப்பிட்டார் என்று தெரியும். காலை மாத்திரையை ஒன்பதரைக்குத்தான் போட்டார் என்று தெரியும். அதனால் நான் கேள்வி கேட்டேன், அவர் விளக்கம் கொடுத்தார். அழைப்புகள் நான்கு நிமிடத்தில் முடிந்தன. ஒரு மனிதருக்குத் தன் நாளைத் தானே சொல்லும் உரிமை உண்டு. எதை முதலில் சொல்வது, எதைப் பெரிதாக்குவது, எதைச் சொல்லாமல் விடுவது எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் ஒருவரிடம் பகிர்ந்துகொள்ள மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அது ஒன்றுதான். அதை நான் முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதம். இரவு 2:40. போன் அதிர்ந்தது. 'அசைவு கண்டறியப்பட்டது.' திறந்து பார்த்தேன். அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார், படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்தபடி. விரலால் தள்ளி கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இரவுக் காட்சி கறுப்பு வெள்ளை. கண்கள் மட்டும் பூனைக்கண் மாதிரி மின்னின. ஒரு முறை தலையை நிமிர்த்தினார். அப்புறம் குனிந்துகொண்டார்.

பதினொரு நிமிடம் பார்த்தேன். போன் என் கையில்தான் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால், நடு ராத்திரியிலும் நான் பார்க்கிறேன் என்று தெரிந்துவிடும். அவர் யாருக்கும் தெரியாமல் அழ நினைத்திருக்கிறார், அதை மதிப்போம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கும் செய்தி போயிருக்கும், அங்கே மாலை ஐந்து மணிதான், அவள் பேசிக்கொள்வாள் என்று இன்னொரு நியாயம். பிறகு கேட்டபோது அவள் சொன்னாள், "நீ கூப்பிட்டிருப்பேன்னு நெனச்சேன்டா."

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் செய்து, "நல்லா தூங்கினியாம்மா?" என்றேன்.

"ம், தூங்கினேனே" என்றார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். என் கேள்வியும் பொய்தான்.

3

அந்தக் காலைக்குப் பிறகு என்னைத் துரத்திய கேள்வி இதுதான். தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது என் கடமை என்ன? தெரியாதவன்போல இருந்தால் கல்நெஞ்சம். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் ஒட்டுக்கேட்டவன். எந்தப் பக்கம் போனாலும் தப்பு என்று ஒரு மூலையில் மாட்டிக்கொள்கிறோமென்றால், தப்பு அந்த மூலைக்கு முன்பே நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

சார்த்தர் 1943இல் வெளியிட்ட தன் பெரிய தத்துவ நூலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஒருவன் சாவித் துவாரம் வழியாக அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். பார்ப்பதில் முழுக்க ஆழ்ந்திருக்கும்வரை அவனுக்குத் தன்னைப் பற்றிய நினைவே இல்லை. திடீரென்று பின்னால் காலடிச் சத்தம். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்த கணத்தில்தான் அவனுக்கு வெட்கம் வருகிறது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே உறைக்கிறது. என் கையில் இருந்த சாவித் துவாரத்தில் ஒரு வசதி இருந்தது. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, போர்வைக்குள் படுத்தபடி பார்க்கலாம். பின்னால் காலடிச் சத்தம் வரவே வராது.

தமிழில் 'பார்' என்ற வினைச்சொல் வேடிக்கையானது. "அம்மாவைப் பார்த்தேன்" என்றால் கண்ணால் கண்டேன். "அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அம்மாவின் பொறுப்பு என்னுடையது. இடையில் வந்து ஒட்டிக்கொண்டது 'கொள்' என்ற துணைவினை மட்டும். வாங்கிக்கொள், ஏற்றுக்கொள், ஒப்புக்கொள். 'கொள்' சேர்ந்தால் செயல் செய்பவன் பக்கம் திரும்பி வந்து அவன்மேல் ஒட்டும். பார்த்ததால் எனக்கு ஏதோ ஒன்று ஆக வேண்டும், நான் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். அப்போதுதான் அது பார்த்துக்கொள்வது. 'கவனி' என்ற சொல்லும் இப்படித்தான். பாடத்தைக் கவனிக்கிறோம், வந்த விருந்தாளியையும் கவனிக்கிறோம். நம் மொழியில் பார்வையும் பராமரிப்பும் அண்ணன் தம்பிகள். அதனால்தானோ என்னவோ நமக்கு எளிதாகக் குழம்பிவிடுகிறது. கேமராவுக்குப் 'பார்' மட்டும்தான் தெரியும். 'கொள்' நான் சேர்க்க வேண்டியது. அன்று இரவு நான் சேர்க்கவில்லை.

'திரை' என்று ஒரு சொல். கபாலீஸ்வரர் கோயிலில் எத்தனையோ முறை அம்மாவோடு நின்றிருக்கிறேன். அலங்காரம் நடக்கும்போது சன்னிதியில் திரை போட்டுவிடுவார்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் காத்திருக்கும். உள்ளே மணிச் சத்தம் கேட்கும். திரை விலகியதும்தான் தரிசனம். எல்லோரும் பார்ப்பதற்காகவே இருக்கும் தெய்வத்துக்குக்கூடப் பார்க்கக்கூடாத நேரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதே 'திரை' இன்று நம் போனுக்குப் பெயர். மறைப்பதற்கு இருந்த சொல், காட்டுவதற்கு வந்துவிட்டது.

சென்னைக்குக் கேமரா புதிதில்லை. மாநகரக் காவல்துறை சிசிடிவி திட்டத்துக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து, தெருத் தெருவாகப் பொருத்தியது. 2021இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் உலக நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியலில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னைதான் முதலிடம். தெருவில் இருப்பதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். தெரு பொது இடம், அங்கே நாமும் கொஞ்சம் பொது மனிதர்கள். வீடு என்பதே அந்தப் பொது மனிதரைக் கழற்றி மாட்டிவிட்டு உட்காரும் இடம். அம்மாவுக்கு நான் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

4

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஆசியா முழுக்க வயதாகிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்பது அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஜப்பானில் 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் தனியாக வாழ்ந்த 37,227 பேர் தங்கள் வீடுகளில் இறந்து கிடந்ததாக அந்நாட்டுக் காவல்துறை கணக்கு சொன்னது. பெரும்பாலோர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். சீனாவில் 2013 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புத் தொகையைப் பற்றிப் பேசுகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று உச்சவரம்புகூட வைத்தார்கள். போய்ப் பார்ப்பதற்கு உச்சவரம்பும் இல்லை, கீழ்வரம்பும் இல்லை.

சட்டம் விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. தென் கொரியாவில் ஹ்யோடோல் என்று ஒரு பொம்மை. பேரக்குழந்தை போன்ற முகம், தலையைத் தடவினால் பேசும், மாத்திரை நேரத்தை நினைவூட்டும். தனியாக வாழும் முதியவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகளே இதைக் கொடுக்கின்றன. பெயரில் இருக்கும் 'ஹ்யோ' என்றால் பெற்றோருக்குப் பிள்ளைகள் காட்ட வேண்டிய பக்தி. பக்தியைப் பொம்மைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேலி செய்யத் தோன்றும். என் ஷோகேஸ் மேலிருந்த வெள்ளை உருண்டையை நினைத்துக்கொண்டால் கேலி வாயிலேயே நின்றுவிடும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கெட்டில். ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. பார்க்கச் சாதாரண வெந்நீர்ப் பாத்திரம்தான். உள்ளே ஒரு சின்னக் கருவி. பாட்டி டீ போட வெந்நீர் எடுத்தால், எடுத்தார் என்ற செய்தி வெளியூரில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சலில் போகும். அவ்வளவுதான். பாட்டி என்ன உடுத்தியிருந்தார், அழுதாரா, யாரோடு பேசினார், எதுவும் போகாது. 'இன்றும் டீ குடித்தார்' என்பது மட்டும் போகும். டீ போடும்போது அவர் தன் டீயைத்தான் போடுகிறார். யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை.

இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கெட்டிலிலிருந்து என் கேமராவுக்கு வந்திருக்கிறோம். வளர்ச்சி என்கிறோம் இதை. படம் தெளிவாகியிருக்கிறது, விலை குறைந்திருக்கிறது. ஆனால் கெட்டிலைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்றை நாம் வழியில் எங்கோ தொலைத்துவிட்டோம். ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிய, அவரைப் பற்றி மிகக் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

தாத்தா வீடு இருந்த காலத்தில் மயிலாப்பூருக்கும் அது தெரிந்திருந்தது. வாசலில் காலை ஏழு மணி வரை கோலம் இல்லையென்றால் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வரும், "என்ன, உடம்பு சரியில்லையா?" பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் பேப்பர் போடும் பையன் கதவைத் தட்டுவான். கோலம் என்பது உள்ளே இருப்பவர் தன் கையால் வெளியே அனுப்பும் செய்தி. உள்ளே என்ன நடக்கிறது என்று கோலத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவையும் கொண்டாடிவிட முடியாது என்பது உண்மை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பெண் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று கண் கொட்டாமல் பார்த்த தெருவும் அதுதான். ஆனால் அதன் கண்களுக்கு முகம் இருந்தது. "என் வீட்டைப் பாக்கறதை விட்டுட்டு உன் வேலையைப் பாரு" என்று பாட்டி திருப்பிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கேமராவிடம் யாரால் அப்படிச் சொல்ல முடியும்?

5

ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். மயிலாப்பூர் திருவிழா நடக்கும் வாரக் கடைசி. வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. அம்மாவுக்கு அதை ஒவ்வொரு வருடமும் பார்த்தாக வேண்டும். கட்டம் போட்டுக் கொடுத்த தார் ரோட்டில் குனிந்து நூறு பேருக்கு மேல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றிலும் சமச்சீர் சரியாக இருக்கிறதா என்று கணக்கு டீச்சர் கண்ணோடு பார்த்தபடி வந்தார். முடித்துவிட்டு காபி குடிக்க உட்கார்ந்தோம். டபராவில் ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அந்த கேமரா திரும்பும்போது சத்தம் வரும், தெரியுமா உனக்கு?"

"என்ன சத்தம்?"

"கொசு மாதிரி. ஙீன்னு. பகல்ல கேக்காது. ராத்திரில நல்லா கேக்கும்."

எனக்குக் காபி இறங்கவில்லை.

"ஆடி மாசம் ஒரு நாள் ராத்திரி திரும்பிச்சு. நான் மேஜைல உக்காந்திருந்தேன். சரி, பாத்துட்டான், இப்போ போன் பண்ணுவான்னு போனைக் கைல எடுத்து வெச்சுக்கிட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வரலை. ஒருவேளை அக்காவா இருக்கும், அவளுக்கு ஆபீஸ் நேரம்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான்தாம்மா."

"தெரியும். காலைல நல்லா தூங்கினியான்னு கேட்டியே."

சார்த்தரின் கதையில் காலடிச் சத்தம் எட்டிப் பார்ப்பவனுக்குக் கேட்கிறது. எங்கள் வீட்டில் அது பார்க்கப்பட்டவருக்குக் கேட்டிருக்கிறது. எட்டு மாதமும். நான் எப்போதெல்லாம் பார்த்தேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. யாரும் பார்க்காமல் அழ வேண்டும் என்று நினைத்தவரை, நான் பார்த்துவிட்டு விட்டுப் போனவராக்கினேன். தனிமையைவிட மோசமான ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்.

"ஏம்மா அழுதே அன்னிக்கு?"

"அஞ்சு மாசம் கழிச்சு கேக்கற" என்று சிரித்தார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். "முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னிருக்கேன். சில டீச்சர்ங்க செருப்பைக் கழட்டிட்டு, சத்தமில்லாம பின்னாடி போய் பிட்டைப் பிடிப்பாங்க. நான் நல்லா சத்தம் வர்ற மாதிரிதான் நடப்பேன். நாம போறது பிடிக்கறதுக்கா? அந்தப் புள்ளை ஒழுங்கா எழுதறதுக்குத்தானே? டீச்சர் வர்றாங்கன்னு தெரிஞ்சா அவனே நிறுத்திடுவான். அவன் மானமும் போகாது."

நான் படித்த எந்தத் தத்துவப் புத்தகத்திலும் கண்காணிப்பின் அறம் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. பார்க்கத்தான் வேண்டுமென்றால் சத்தம் போட்டு நடந்து வா.

6

வீட்டுக்கு வந்ததும் கேமராவைக் கழற்றினேன். நல்லவனாக மாறிவிட்ட திருப்தியோடு அக்காவை அழைத்துச் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். "நாளைக்கு அம்மா கீழ விழுந்து கிடந்தா யாருக்குடா தெரியும்? மானம் மரியாதைன்னு கட்டுரை எழுதிட்டு உக்காந்திருப்பியா?"

இதைத் தட்டிக் கழிக்க முடியாது. அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் அடையாறில் தனியாக இருக்கிறார். போன வருடம் விடியற்காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆள் போய்ச் சேர எட்டரை மணி ஆகிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். பாத்ரூமில் யாரும் கேமரா வைக்கப்போவதில்லை என்பது சாமர்த்தியமான பதில், நேர்மையான பதில் அல்ல. ஹாலில் விழுந்திருந்தால்? உயிரைவிட அந்தரங்கம் பெரிதா?

முதியவர்களுக்கு எதற்கு அந்தரங்கம் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அது ஏதோ நம் வயதுக்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இந்தியர்களுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கின் பெயரில் இருக்கும் கே.எஸ்.புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. ஆதாரை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்டபோது அவருக்கு 86 வயது. தீர்ப்பு வந்தபோது 91. நம் எல்லோருடைய அந்தரங்கத்துக்காகவும் கோர்ட்டுக்குப் போனவர் ஒரு தாத்தா.

எனக்கு இன்னொரு குற்றவுணர்வும் உண்டு. என் வாட்ஸப்பில் 'லாஸ்ட் சீன்' அம்மாவுக்குத் தெரியாதபடி பல வருடங்களுக்கு முன்பே மறைத்து வைத்திருந்தேன். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆன்லைன்ல இருந்தியே" என்று ஒருமுறை கேட்டுவிட்டார் என்பதற்காக. ஒரே ஒரு கேள்வி. அது எனக்குத் தாங்கவில்லை. அவர் வீட்டு ஹாலையே என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

அதற்காகக் கேமராவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தி.நகரில் என் நண்பன் ஒருவனின் அப்பாவுக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் இறங்கிப் போய்விடுவார், திரும்பி வர வழி தெரியாது. அவர்கள் வீட்டில் கேமரா இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அங்கே பார்ப்பவன் பக்கத்து அறையில் இருக்கிறான், அப்பா எழுந்தால் அவனும் எழுந்துகொள்கிறான். யோசித்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவரிடம் கேட்காமலே வைப்பதும் இதுவும் வேறு வேறு. விழுந்தால் மட்டும் செய்தி அனுப்பும் கைக்கடிகாரங்கள் 2018 முதலே கிடைக்கின்றன. அவை படம் எடுப்பதில்லை. ஆக, அக்கா பயந்ததுபோலக் கேமரா அல்லது கைவிடுதல் என்று இரண்டே வழி கிடையாது. எந்த வழியானாலும் சுவிட்ச் யார் கையில் என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அம்மா தன் போனைத் திறந்து ஒரு வாட்ஸப் குழுவைக் காட்டினார். ஓய்வுபெற்ற டீச்சர்கள் குழு. முழுக்க முழுக்க ரோஜாப் பூ, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி. 'இனிய காலை வணக்கம்.' நாமெல்லாம் பார்த்தவுடன் அழித்துவிட்டு, மெமரியை அடைக்கிறது என்று திட்டுகிற அதே படங்கள்.

"இது என்னன்னு நெனச்ச?"

"ஃபார்வேர்டு."

"ஆஜர்டா. அட்டெண்டன்ஸ். எட்டு மணிக்குள்ள பூ வரலைன்னா யாராவது போன் பண்ணுவோம். எடுக்கலைன்னா பக்கத்து வீட்டுக்குப் போடுவோம். அடையாறு டீச்சரை எப்படிக் கண்டுபிடிச்சோம்னு நெனச்ச? அன்னிக்கு அவ பூ அனுப்பலை."

சோஜிருஷியின் கெட்டில் மயிலாப்பூரில் ரோஜாப் பூவாக வந்து சேர்ந்திருந்தது. பைசா செலவில்லாமல், தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அனுப்புவதும் அவர்கள் விருப்பம், அனுப்பாமல் இருந்தால் தேடி வருவதும் அவர்கள் பொறுப்பு. இதைத்தான் அத்தனை வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

"சரி, எனக்கும் அனுப்பு. தினமும் பாக்கறேன்" என்றேன்.

"பாத்தா போதாது. நீயும் அனுப்பணும்."

"நான் எதுக்கு?"

"நீ மட்டும் அங்க யாரோடடா இருக்க? ஒண்டியாத்தானே இருக்க. எனக்குத் தெரிய வேணாமா?"

அதே மாதத்தில்தான் சீனாவில் ஒரு செயலி கட்டணச் செயலிகளின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து உலகச் செய்தியானது. அதன் அப்போதைய பெயரை நம் தமிழில் சொன்னால் 'செத்துட்டியா?' இரண்டு நாளுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தி, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் குறித்துக்கொடுத்த ஒருவருக்குத் தகவல் போகும். அதைத் தேடித் தேடி வாங்கியவர்களில் பலர் முதியவர்கள் இல்லை. பெரிய நகரங்களில் தனியாக வாழும், நம் வயதுக்காரர்கள். படித்தபோது அம்மாவின் கேள்விதான் காதில் விழுந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொள்வதை நிறுத்தவே இல்லை என்பதும், நான் ஒருவன்தான் பார்ப்பவன் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இப்போது காலையில் இரண்டு பேரும் அனுப்பிக்கொள்கிறோம். அம்மா ரோஜா. நான் பெரும்பாலும் என் பால்கனியிலிருந்து தெரியும் தண்ணீர் டேங்க். இரவுப் பேச்சு மறுபடி நீண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால். 'லாஸ்ட் சீன்' திறந்துவிட்டேன். மாதம் ஒருமுறையாவது ரயில் ஏற வேண்டும் என்று முடிவு செய்து, இதுவரை பாதி மாதங்கள் போயிருக்கிறேன். வேலைக்கு வரும் அக்கா மறுபடி உட்கார்ந்து காபி குடிக்கிறாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் ஒருநாள் எட்டு மணியாகியும் பூ வரவில்லை. எட்டேகால். விரல் பழக்கத்தில் போனில் அந்தப் பழைய செயலியைத் தேடியது. அழித்துவிட்டிருந்தேன். எட்டரைக்கு, நெஞ்சு அடிக்க, கூப்பிட்டேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"என்னம்மா, பூ வரலை?"

"இன்னிக்கு அனுப்பத் தோணலைடா. டீச்சர்ங்களும் ரெண்டு பேர் பண்ணிட்டாங்க. நீ மூணாவது."

அந்த அரைமணி நேரப் படபடப்பை எந்தக் கருவியிடமும் கொடுத்துவிட முடியாது என்று நினைக்கிறேன். அது என்னுடையது. "சரி, என்ன பண்ணிட்டிருக்க?" என்று கேட்டேன். அம்மா சொல்ல ஆரம்பித்தார்.